குளிர் மலையில் மொட்டைக்கழுத்துக் கோழி

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வவுனியாவில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் இருந்து மொட்டைக்கழுத்துக் கோழியில் ஒரு சேவலும் சில பெட்டைகளும் கொண்டுவந்தாராம். லயத்துக்குப் பின்னால் கூடு கட்டி விட்டிருக்கிறார். பொழுது சாய்ந்தால் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு குந்திக்கொள்கின்றனவாம். பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று அம்மா கம்பளி நூலில் கழுத்துக்கு உறை பின்னித் தருவதாகச் சொல்கிறார். போடலாமா? இந்த இனம் நம்ம குளிருக்குத் தாங்குமா? உடம்பு முழுக்க இறகே இல்லாத கோழி ஒன்று இருக்கிறதாமே, அதை எங்கே வாங்கலாம்? இவைதான் கேள்விகள்.

உறையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். காலையில் புல்லில் மேய்ந்தால் கம்பளி பனியில் நனையும். நனைந்த நூல் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, வெறும் கழுத்தைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். கூட்டுக் கம்பியில் கொளுவி இறுக்கவும் கூடும். கோழி தன் வால் முளைக்கும் இடத்தில், முதுகுப்பக்கம் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகில் தடவிக்கொண்டால்தான் மழைத்தண்ணீர் வழுக்கி ஓடும். கழுத்தில் உறை இருந்தால் அந்த வேலையும் கெடும். அம்மாவின் கை வேலை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகட்டும்.

தாங்குமா என்றால், ஹட்டன் உயரத்தில் தாங்கும். ஆனால் அது கழுத்தைப் பொறுத்த விஷயம் இல்லை, கூட்டைப் பொறுத்தது. மலைநாட்டில் கோழியைக் கொல்வது குளிர் மட்டும் இல்லை. ஈரமும் ஊதல்காற்றும் குளிரோடு சேரும்போதுதான் சாகின்றன. காய்ந்த, காற்றடிக்காத கூட்டுக்குள் மொட்டைக்கழுத்து பிழைத்துக்கொள்ளும். ஒழுகும் கூட்டில் நல்ல இறகுள்ள நாட்டுக்கோழியும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் கோழியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பேர் மொட்டைக்கழுத்து என்றாலும் இறகு குறைவது கழுத்தில் மட்டும் இல்லை. பெட்டை ஒன்றைத் தூக்கி, இறக்கையை விரித்து, மல்லாத்திப் பாருங்கள். நெஞ்சின் இரண்டு பக்கமும், வயிற்றிலும், தொடையின் உள்பக்கத்திலும் வெறும் தோல் தெரியும். வெளியில் இருந்து பார்க்கும்போது மேலிறகு வந்து மூடிக்கொள்வதால் கழுத்து மட்டும்தான் கண்ணில் படுகிறது. அப்புறம் கழுத்தின் முன்பக்கம், தீனிப்பைக்குச் சற்று மேலே பாருங்கள். அங்கே ஒரு சின்ன இறகுக் குஞ்சம் இருந்தால் அந்தக் கோழிக்கு மொட்டைக்கழுத்து மரபணு ஒரு பிரதிதான், அதாவது தாய் தகப்பன் இரண்டில் ஒன்றிடம் இருந்து மட்டும் வந்திருக்கிறது. குஞ்சம் இல்லாமல், ஓரிரண்டு முளை இறகோடு தலைக்குக் கீழே முழுக்கச் சிவப்பாக இருந்தால் இரண்டு பக்கத்தில் இருந்தும் வந்திருக்கிறது. ஒற்றைப் பிரதிக்காரனுக்கு இறகு ஏறக்குறைய கால் பங்கு குறையும். இரட்டைப் பிரதி என்றால் 40 சதவீதம் வரைக்கும் போகும். குளிர்நாட்டில் வைத்துப் பார்க்கிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. உங்கள் கோழிகளில் எது எந்த ரகம் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள், பின்னால் இனம் பெருக்கும்போது தேவைப்படும்.

2011இல் எடின்பரோவின் ரோஸ்லின் ஆய்வு நிலையக்காரர்கள் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். இறகு முளைப்பதை அடக்குகிற ஒரு புரதம் இந்தக் கோழிகளின் தோலில் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அந்தப் புரதம் கழுத்துத் தோலைத்தான் கூடுதலாகப் பிடிக்கும், ஏனென்றால் அந்த இடத்தில் மட்டும் வைட்டமின் ஏ வழியில் வரும் ஓர் அமிலம் தோலை அதற்குத் தயாராக்கி வைத்திருக்கிறது. ஆகவே இது நோய் இல்லை, சொறி இல்லை, வளர்ப்பவரின் குறையும் இல்லை. குஞ்சு பொரித்து ஈரம் காய்ந்த உடனேயே கழுத்து வெறுமையாக இருப்பது தெரியும்.

வவுனியாவிலும் மற்ற வறண்ட பக்கங்களிலும் இதை விரும்பி வைத்திருப்பதற்கு நியாயம் இருக்கிறது. கோழிக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூடு 41 பாகைக்கு மேலே. வெயில் 30 பாகையைத் தாண்டினால் வாயைப் பிளந்து மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்ற வேண்டும், தீனியில் வாய் வைக்காது, முட்டை குறையும். இறகு குறைந்த கோழிக்குத் தோல் வழியாகவே சூடு போய்விடுவதால் அது வழக்கம்போல் தின்னும், வளரும். இன்னொரு இலாபமும் உண்டு. இறகு என்பது பெரும்பாலும் புரதம்தான். இறகுக்குப் போக வேண்டிய புரதத்தில் ஒரு பங்கு மிஞ்சி இறைச்சிக்குப் போகிறது. இந்தியாவில் இஸ்ஸத்நகரில் உள்ள கோழி ஆராய்ச்சி நிலையம் மொட்டைக்கழுத்தைக் கலந்து ‘ஹிட்காரி’ என்று ஒரு வீட்டுக்கோழி ரகத்தையே உருவாக்கியது வெயில் பிரதேசத்தை நினைத்துத்தான்.

இந்த இலாபம் ஒன்றும் ஹட்டனில் உங்களுக்குக் கிடைக்காது. வளர்ந்த கோழிக்குச் சுகமான வெப்பம் 18இல் இருந்து 24 பாகை வரைக்கும். அதற்குக் கீழே போகப் போக, தின்பதில் ஒரு பகுதியை உடம்பைச் சூடாக வைக்கவே எரிக்கும். நம்ம பக்கம் இரவு அதற்குக் கீழேதான். ஆக வறண்ட ஊரில் தீனியை மிச்சப்படுத்துகிற அதே கழுத்து, இங்கே தீனியைக் கூடுதலாக வாங்குகிறது. சாகாது, ஆனால் செலவு வைக்கும். இதை ஒத்துக்கொண்டு வளர்க்கிறவர் வளர்க்கலாம்.

இந்த இனம் பேர் வாங்கியதே குளிரான இடத்தில்தான் என்பது வேடிக்கை. ஐரோப்பாவில் டிரான்சில்வேனியா என்று, இப்போது ருமேனியாவில் இருக்கும் பகுதி. குளிர்காலத்தில் பனி கொட்டும் ஊர். 1875இல் வியன்னா கண்காட்சியில் இந்தக் கோழியைக் காட்டியபோது பார்த்தவர்கள் வான்கோழிக்கும் கோழிக்கும் பிறந்தது என்றே நினைத்தார்களாம். இன்றைக்குப் பிரான்சில் வெளியில் மேயவிட்டு மெதுவாக வளர்க்கும் ‘லேபல் ரூஜ்’ தர முத்திரை இறைச்சிக் கோழிகளில் மொட்டைக்கழுத்து ரகங்கள் நிறைய உண்டு. அவர்கள் வைத்துக்கொள்வது காய்ந்த கொட்டில், நிறையத் தீனி. வேறு மந்திரம் இல்லை.

மலைநாடு என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லா இடமும் ஒன்றில்லை. பதுளை 700 மீட்டருக்குள், கண்டி 500 மீட்டர் அளவில். அந்தப் பக்கங்களில் யோசிக்கவே வேண்டாம், தாராளமாக வளர்க்கலாம். பசறை, லுணுகலைப் பக்கமும் அப்படித்தான். பகல் வெயிலில் கொஞ்சம் நன்மையும் கிடைக்கும். பண்டாரவளை, ஹட்டன், தலவாக்கலை 1200 மீட்டருக்கு மேலே. கூடு சரியாக இருந்தால் முடியும். நுவரெலியா ஏறத்தாழ 1870 மீட்டர். தை, மாசியில் விடியற்காலை புல்மேல் வெள்ளையாகப் பனி உறைகிற இடம். அங்கேயும் கந்தப்பளைப் பக்கமும் இரட்டைப் பிரதிக் கோழி வேண்டாம் என்பேன். ஒற்றைப் பிரதி ஆசைக்கு ஒன்றிரண்டு வைக்கலாம். உயரம் கூடும்போது இன்னொரு சிக்கலும் வரும், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வேகமாக வளரும் இறைச்சிக் கோழி ரகத்தில் மொட்டைக்கழுத்துக் கலப்பு வாங்கி உயரமான இடத்தில் வளர்த்தால், குளிருக்காக உடம்பு கூடுதலாக எரிக்கும், அதற்குக் கூடுதல் பிராணவாயு வேண்டும், காற்றிலோ அது குறைவு. இதயம் திணறி, கடைசியில் வயிற்றில் நீர் கோர்த்துச் சாகும். வயிறு தொங்கி, கொண்டை நீலம் பாரித்த குஞ்சைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான். மெதுவாக வளரும் நாட்டு ரகத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மழைப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைச் சரிவுகளுக்கு வைகாசியில் இருந்து புரட்டாசி வரைக்கும் தென்மேற்குப் பருவமழை. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. பதுளைச் சரிவுக்கு மழை மார்கழி, தை. வெளியூர்க் கோழியைக் கொண்டுவருவது என்றால் உங்கள் பக்கத்துக்கு மாசி, பங்குனிதான் நல்ல காலம். பகல் வெயில் இருக்கும், மழைக்கு முன் உடம்பு பழகிக்கொள்ளும். கொண்டுவந்ததைக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் பழைய கோழிகளோடு சேர்க்காமல் தள்ளி வையுங்கள். ராணிக்கெட் என்ற தொற்றுநோய் ஊர் மாறுவது பெரும்பாலும் இப்படித் தூக்கிவரும் கோழியோடுதான்.

இனி கூடு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

தோட்டத்தில் நான் பார்க்கும் கூடுகளில் பெரும்பாலானவை லயத்துச் சுவரோடு ஒட்டவைத்த பழைய தகரம். சுவர்ப் பக்கம் ஈரம் ஊறும். மேலே தகரம் இரவில் குளிர்ந்துபோய், கோழிகள் விடும் மூச்சின் ஈராவி அதில் பட்டுத் துளியாகி, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக முதுகில் விழும். மழையே இல்லாத நாளில் ஏன் கோழி நனைந்திருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. தகரத்தின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மொட்டைக்கழுத்துக்கு அந்தத் துளி நேரே தோலில் விழுகிறது. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு படலம் போடுங்கள். சாக்கு போடலாம், பழைய பலகை போடலாம். தேர்தல் முடிந்த பிறகு சும்மா கிடக்கும் பேனர் துணி இதற்கு மிக நல்லது. அரசியல்வாதியால் நமக்கு ஆகும் உருப்படியான உதவி அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவாகக் கட்டினால் துளி ஓரமாக வழிந்துவிடும்.

கூட்டைத் தரையில் இருந்து இரண்டு அடியாவது உயர்த்துங்கள். மேட்டில் இருந்து மழைத்தண்ணீர் ஓடிவரும் பக்கம் ஒரு கான் வெட்டி விடுங்கள். கீரி, மரநாய் தொல்லைக்கும் உயரம் உதவும், ஆனால் கம்பிவலையின் கண் சின்னதாக இருக்க வேண்டும்.

குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் பொலித்தீன் சுற்றி மூடுகிறார்கள். இது வேறு வினை. எச்சத்தில் இருந்து எழும் அமோனியாக் காற்று உள்ளேயே நின்று கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும்; ஈரமும் வெளியே போகாது. கூட்டில் காற்று போய்வர வேண்டும், ஆனால் கோழியின் மேல் படக் கூடாது. குந்தும் கம்பின் உயரம் வரைக்கும் மூன்று பக்கமும் பலகையோ தகரமோ அடைத்துவிட்டு, கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து கம்பிவலை போடுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வாசல். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காற்றடிக்கும் இரவில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கோழி குந்தும் உயரத்தில் பிடியுங்கள். புகை மெதுவாக மேலே போனால் சரி. படுத்துக்கொண்டு ஒரு பக்கமாக ஓடினால் அந்தப் பக்கத்து இடுக்கை அடையுங்கள். விடிந்ததும் கூட்டைத் திறந்து, எச்சத்தைத் தொடாமல், தலையைக் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுங்கள். கண் கரித்தால் உள்ளே காற்றோட்டம் போதாது.

தரைக்கு மரத்தூள் நாலைந்து அங்குலம் கனத்துக்குப் போடுங்கள். மரக்காலையில் கேட்டால் கிடைக்கும். சீவல் கிடைத்தால் தூளைவிட அது மேல், புழுதி குறைவு. உமி மேட்டுப்பக்கம் கிடைப்பது கஷ்டம். வாரத்தில் ஒன்றிரண்டு தரம் கிளறி விட்டால் காய்ந்திருக்கும். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறந்தால் உதிர வேண்டும், கட்டியாக நின்றால் மாற்ற வேண்டிய காலம். பழையதை மரக்கறிப் பாத்திக்கு மக்கவைத்துப் போடுங்கள்.

குந்தும் கம்புக்குப் பலர் தேயிலை மிலாறைக் குறுக்கே கட்டிவிடுகிறார்கள். மெல்லிசான கம்பில் விரலைச் சுற்றிப் பிடித்தால் கால் விரல் வெளியே தெரியும், குளிர் அதில் ஏறும். இரண்டங்குல அகலத்துக்குத் தட்டையான மரச்சட்டம் போட்டால் கோழி பாதத்தை விரித்து வைத்து, வயிற்று இறகால் மூடிக்கொள்ளும். இந்த இனத்துக்கு வயிற்றில் இறகு குறைவு என்பதால் இன்னும் முக்கியம். கம்பு ஒரே உயரத்தில் இருக்கட்டும், மேலே கீழே என்றால் மேல் கம்புக்குச் சண்டை வரும். இறகுள்ள நாட்டுக்கோழிகள் சிலவும் அதே கூட்டில் இருந்தால் நல்லது. இரவில் நெருக்கி உட்காரும்போது மொட்டைக்கழுத்து நடுவில் புகுந்து, தலையைப் பக்கத்துக் கோழியின் இறகுக்குள் செருகிக்கொள்ளும். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது குளிருக்கான ஏற்பாடுதான், வெறும் தோலின் பரப்பைக் குறைக்கிறது. பகலிலும் அப்படியே குந்திக்கொண்டு, இறகைச் சிலிர்த்தபடி, தீனிக்கு வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வளர்ந்த கோழிக்கு மின்குமிழ் சூடு தேவையில்லை. பழக்கிவிட்டால் கரண்ட் போகிற இரவில் சேர்த்து வைத்து அனுபவிக்கும்.

தீனி விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. முட்டைக்கோழித் தீன் நாளைக்கு 110, 120 கிராம் தின்னும் கோழி, குளிர் மாதத்தில் அதற்கு மேலும் கேட்கும். கேட்பதைக் கொடுங்கள். பின்னேரம் கூட்டில் அடைக்கும் முன் கோழிக்கு ஒரு பிடி உடைத்த சோளம் போடுங்கள். தீனிப்பை நிரம்பியிருந்தால் இரவு முழுக்கச் செரித்துக்கொண்டு சூடு கொடுக்கும். தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் பழைய சோறும் மட்டும் என்றால் இந்த இனம் சீக்கிரம் மெலியும். விடியற்காலைத் தண்ணீர் பீலியில் இருந்து பிடித்ததும் ஐஸ் மாதிரி இருக்கும், குளிர் நாளில் கொஞ்சம் வெந்நீர் கலந்து வைத்தால் நன்றாகக் குடிக்கும். மரக்கறித் தோட்டத்தில் கழித்துப் போடும் கோவா இலை, லீக்ஸ் தாளை அள்ளிப் போடுகிறவர்கள் எப்போது மருந்து அடித்தது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். நேற்று அடித்த இலை இன்றைக்குக் கோழிக்கு விஷம்.

குஞ்சுகளில்தான் இழப்பு அதிகம். எந்தக் குஞ்சுக்கும் முதல் வாரம் 32இல் இருந்து 35 பாகை சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று பாகையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். மொட்டைக்கழுத்துக் குஞ்சுக்கு அந்தக் குறைப்பை மெதுவாகச் செய்யுங்கள். சாதாரணக் குஞ்சு ஐந்து, ஆறு வாரத்தில் சூட்டை விடும் என்றால் இதற்கு நம்ம பக்கம் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானியைவிட குஞ்சின் நடத்தையை நம்பலாம். குமிழுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கீச்சிட்டால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. கரண்ட் போனால் சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மேலே சாக்கைப் பாதி மூடுங்கள்.

அடைக்கு வைக்கும்போது மொட்டைக்கழுத்துப் பெட்டையை இங்கே நம்பாதீர்கள். அடை கிடக்கும், தாய்மையில் குறையில்லை. ஆனால் நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு குறைவான கோழி, குளிரில் முட்டையையும் பிறகு குஞ்சையும் பொத்தி வைப்பது கஷ்டம். அதன் முட்டையை எடுத்து, நன்றாக இறகு அடர்ந்த நாட்டுப் பெட்டைக்குக் கீழே வையுங்கள். வெயில் நாட்டில் பதினைந்து முட்டை வைக்கிற பெட்டைக்கு இங்கே எட்டு, ஒன்பது போதும். ஓரத்து முட்டை ஆறிப்போகாமல் இருக்கும்.

இரண்டு மொட்டைக்கழுத்தைச் சேர்த்தால் வரும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சேவலும் பெட்டையும் இரண்டும் குஞ்சம் உள்ள ஒற்றைப் பிரதி என்றால், குஞ்சுகளில் கால் பங்கு முழு மொட்டைக்கழுத்து, அரைப் பங்கு குஞ்சத்தோடு, மீதிக் கால் பங்கு சாதாரணக் கழுத்து. குஞ்சச் சேவலைச் சாதாரணப் பெட்டையோடு விட்டால் பாதிக்குப் பாதி. முழு மொட்டைச் சேவலைச் சாதாரணப் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சும் குஞ்சத்தோடு வரும். இது சராசரிக் கணக்கு, ஒரு அடையில் முன்னே பின்னே இருக்கும். இரட்டைப் பிரதிக் கருக்களில் சில முட்டைக்குள்ளேயே சாவதால் பொரிப்பும் கொஞ்சம் குறையும். ஆகவே நம்ம உயரத்தில் மொட்டையோடு மொட்டையைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை. உங்கள் சேவல் எந்த ரகமாக இருந்தாலும் தோட்டத்து நாட்டுப் பெட்டைகளோடு விடுங்கள். கொண்டுவந்த மொட்டைப் பெட்டைகளோடும் சேவல் சேர்ந்து, முழு மொட்டையாகப் பொரிப்பது இருந்தால் அக்கா வீட்டுக்கே திருப்பி அனுப்புங்கள். வவுனியா வெயிலில்தான் அதற்கு மரியாதை.

தோலைப் பற்றிக் கொஞ்சம். வெயில் படப் படக் கழுத்துத் தோல் சிவந்து தடிக்கும், சேவலுக்கு இன்னும் அதிகம். அது இயல்பு. பிரச்சினை என்னவென்றால், சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளுக்குக் கொத்தத் தோன்றும். நெருக்கடியான கூட்டில் ஒரு துளி இரத்தம் வந்துவிட்டால் எல்லாமாகச் சேர்ந்து கொத்தும். காயம் பட்டதை உடனே பிரித்து, கழுவி, நீல மருந்து என்று சொல்லும் ஜென்ஷன் வயலட்டைத் தடவுங்கள். மருந்தாகவும் ஆகும், சிவப்பையும் மறைக்கும். இரண்டு சேவலை ஒன்றாக விடவே வேண்டாம். சாதாரணச் சேவலுக்குக் கழுத்து இறகு கவசம், இதற்கு அது இல்லை. பேன், உண்ணி ஒளிய இறகு குறைவு என்பது இதற்கு ஒரு வசதிதான், ஆனால் இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி கோழி மேலே வசிப்பதில்லை, கம்பின் இடுக்கில் வசிக்கிறது. இராத்திரி டோர்ச் அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காலையில் கழுத்தில் சின்னச் சின்னப் புள்ளி தெரிந்தாலும் அதைச் சந்தேகிக்கலாம்.

அம்மை நோய் நுளம்பால் பரவும், கொத்துப்பட்ட காயம் வழியாகவும் பரவும். ராணிக்கெட்டுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி எப்போது என்று உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். நாலு கோழிதானே என்று போகாமல் இருப்பவர்கள்தான் மறுபடி நாலு கோழி வாங்குகிறார்கள்.

சரி, முழுக்க இறகில்லாத கோழி. அப்படி ஒன்று உண்மையாகவே உண்டு. ஆனால் அது மொட்டைக்கழுத்தின் அண்ணன் இல்லை, வேறு மரபணு. 1954இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், நியூ ஹாம்ப்ஷயர் ரகக் கோழிக் கூட்டத்தில் தானாகத் தோன்றியது. இறகும் இல்லை, காலில் செதிலும் இல்லை. இது ஒடுங்கு பண்பு, தாயிடமும் தகப்பனிடமும் சேர்ந்து வந்தால்தான் வெளியே தெரியும். பிறகு இஸ்ரேலில் எபிரேயப் பல்கலைக்கழகத்து அவிக்டார் கஹானர் அதை இறைச்சிக் கோழியோடு கலந்து வளர்த்தார். 2002இல் சிவப்புத் தோலோடு நடந்து திரியும் அந்தக் கோழியின் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. மரபணு மாற்றிய கோழி என்று பலர் திட்டினார்கள், அது தவறு. பழைய முறையில் கலந்து கலந்து எடுத்ததுதான். விசிறி, குளிரூட்டிச் செலவில்லாமல் பாலைவன வெயிலில் கோழி வளர்க்கலாம், இறகு பிடுங்கும் தண்ணீரும் மிச்சம் என்பது அவருடைய எண்ணம். எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெயில் தோலைச் சுடும், நுளம்பு கடிக்கும், உராய்ந்தால் தோல் கிழியும், இறக்கை அடித்துச் சமநிலை பிடிக்க முடியாததால் சேவலுக்குப் பெட்டை மேல் ஏறுவதே பாடு. அந்தக் கோழி சந்தைக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் ஹட்டன் குளிரில் ஓர் இரவைத் தாண்டாது. இறகில்லாக் கோழி என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், அது மொட்டைக்கழுத்தாக இருக்கும், அல்லது கொத்துப்பட்டு இறகு போனதாக இருக்கும். இரண்டுக்கும் விசேஷ விலை கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. கோழி ஆண்டுக்கு ஒரு தரம் இறகு உதிர்க்கும், பழையது போய்ப் புதியது முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், அந்தக் காலத்தில் முட்டை நிற்கும். சாதாரணக் கோழிக்கே அது கஷ்ட காலம். மொட்டைக்கழுத்து அப்போது பார்க்க முக்கால்வாசி உரித்த மாதிரி நிற்கும், நோய் வந்துவிட்டது என்று அறுத்துவிடாதீர்கள். முதுகில் சின்னச் சின்னக் குழாய் மாதிரி இரத்தம் ஓடும் முளைகள் தெரிந்தால் இறகு வருகிறது என்று அர்த்தம். அவை அழுத்தினால் வலிக்கும், முறிந்தால் இரத்தம் வரும், ஆகவே தூக்காமல் விடுங்கள். முதுகு மட்டும் வழுக்கையாகி மற்ற இடம் நன்றாக இருந்தால் அது உதிர்ப்பு இல்லை, சேவல் மிதித்துத் தேய்ந்தது. சேவலைக் கொஞ்ச நாள் பிரித்து வைத்தால் போதும். உதிர்ப்புக் காலத்தில் புரதம் கூடுதலாக வேண்டும். கருவாட்டுத் தலையை உப்புப் போக நன்றாக ஊறவைத்து, கழுவிக் காயவைத்து இடித்து, தீனோடு ஒரு கரண்டி கலந்து போடுங்கள். உப்புப் போகாத கருவாடு கோழிக்கு ஆகாது. மழைக்காலமும் உதிர்ப்பும் ஒன்றாக வந்தால் அந்தக் கோழியைப் பகலிலும் கூட்டிலேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் உள்ளே கொடுங்கள், இறகு மூடிய பிறகு வெளியே விடலாம்.